அடுக்களைச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கு

தை பிறப்பதற்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது தமிழ்நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். புதுக்கோட்டை ஜில்லாவின் கிராமங்களில் மார்கழிக் கடைசியில் சுண்ணாம்பு வாங்கி நீற்றும் குடும்பங்கள் இன்றும் பல. கூடம், திண்ணை, அறைகள் ஆகியவற்றோடு அடுக்களைக்கும் அதே சுண்ணாம்பு, அதே மட்டையால் பூசப்படுகிறது. பொங்கலன்று பார்த்தால் எல்லாச் சுவர்களும் ஒன்றுபோல் வெளுப்பாயிருக்கும். பங்குனி வருவதற்குள் அடுப்புக்குப் பின்னுள்ள சுவரில் மட்டும் பழுப்பு நிறமாக ஒரு திட்டுத் தலைகாட்டும். சித்திரையில் அது விரியும். அதன்மேற் பூசிய வெள்ளை செதிள் செதிளாகக் கழன்று குழம்பிலும் சோற்றிலும் விழும். வீட்டுக்காரர் சுண்ணாம்புக் கடைக்காரரைக் குறை கூறுவார். கடைக்காரர் வெள்ளையடித்த ஆளைக் குறை கூறுவார். உண்மையில் குற்றம் இவ்விருவரிடத்தும் இல்லை. பிசுக்கைக் கழுவாமல் அதன்மேல் வெள்ளையடித்ததே குற்றம். எண்ணெய் படிந்த இடத்தில் சுண்ணாம்பு நீர் சுவருக்குள் ஊறுவதில்லை. தாமரையிலைமேல் நின்ற நீர்போல் மேலாக நின்று காய்ந்து, ஒட்டுப் பிடியாமல் உதிர்ந்துவிடுகிறது. அடியிலுள்ள எண்ணெயோ வெப்பத்தில் இளகி மேலுக்கு ஊறி வருகிறது. இப்படி ஆண்டுதோறும் செலவிடும் பணமும் உழைப்பும் அடுக்களையைப் பொறுத்தமட்டில் வீணே.

பிசுக்கு உண்டாகும் விதம்

வாணலியில் எண்ணெய் காய்கையில் அதன் ஒரு பகுதி மிக நுண்ணிய திவலைகளாக ஆவியோடு மேலெழுகிறது. கடுகு தாளிக்கும்போது தெறிக்கும் துளிகள் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதவை அவற்றினும் அதிகம். இத்திவலைகள் குளிர்ந்த சுவரையும் கூரையையும் தொட்டவுடன் அங்கே படிகின்றன. விறகடுப்பானால் புகையிலுள்ள கரித்தூளும் கீலும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. நெருப்பு இல்லாத நேரத்தில் வீட்டுத் தூசு அப்பசையில் வந்து ஒட்டுகிறது. ஒட்டடையும் நூலாம்படையும் எண்ணெயை உறிஞ்சிக் கறுத்துத் தொங்குகின்றன.

படிந்த எண்ணெய் எண்ணெயாகவே இருந்துவிடுவதில்லை என்பதே இங்கு முக்கியமாய் அறிய வேண்டுவது. காற்றிலுள்ள பிராணவாயுவோடும் அடுப்பின் வெப்பத்தோடும் கலந்து அது மாறுகிறது. முதலில் காறல் நாற்றம் எடுக்கிறது. பிறகு மஞ்சளித்து, தேன்போல் இழுபடும் பசையாகிறது. கடைசியில் மரச்சாமான்களுக்குப் பூசும் வார்னிஷைப்போல் கெட்டிப்படுகிறது. அன்று தெறித்த எண்ணெயை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். ஒரு மாதம் சென்ற பிசுக்குக்குச் சவுக்காரம் வேண்டும். ஓராண்டு சென்றதற்குச் சோடாவும் பொறுமையும் வேண்டும். சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடுந்தோறும் வேலை பன்மடங்காகப் பெருகுவதற்கு இதுவே காரணம்.

எல்லா எண்ணெயும் ஒரே வேகத்தில் கெட்டிப்படுவதில்லை. தேங்காயெண்ணெய் நெடுநாள் இளகியே இருக்கும். ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டைப் பக்கங்களில் விளையும் நிலக்கடலையின் எண்ணெய் நடுத்தரமானது. நல்லெண்ணெய் அதனினும் சற்று விரைவாகவும், கடையில் வாங்கும் சூரியகாந்தி எண்ணெய் இன்னும் விரைவாகவும் பசையாகிவிடும். 2007ஆம் ஆண்டு முதல் நியாயவிலைக் கடைகளின் மூலம் குடும்ப அட்டைதாரர்க்கு வழங்கப்பட்டுவரும் பாமாயில் வேறு தன்மையது. குளிர்ந்த வேளையில் நெய்போல் உறையும் இயல்புடையதாகையால் மார்கழிக் காலையில் அதன் படிவு வெண்மெழுகுபோல் சுவரில் நிற்கும். குளிர்ந்த நீரால் எத்தனை முறை துடைத்தாலும் அது இடம் மாறுமேயன்றிப் போகாது. வெந்நீர் பட்டவுடன் இளகிவிடும்.

பிசுக்குப் பார்வைக்கு அழகில்லை என்பது சிறிய குறையே. கரப்பானும் எறும்பும் எலியும் அதை ஆகாரமாகக் கொண்டு அடுக்களையில் குடியேறுகின்றன. கீற்றுக் கூரையின்கீழ் எண்ணெய் ஊறித் தொங்கும் ஒட்டடை, ஒரு பொறி பட்டால் திரிபோல் எரியும். இவற்றினும் பெரிய விஷயம் ஒன்றுண்டு. சுவரில் கறுத்துப் படிந்திருப்பது எதுவோ, அதுவே அடுப்பின்முன் அமர்ந்து சமைக்கும் பெண்ணின் நெஞ்சிலும், அவள் இடுப்பில் இருக்கும் குழந்தையின் நெஞ்சிலும் படிகிறது. வீட்டுக்குள் எழும் சமையற்புகையின் விளைவாக 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே அடுக்களைச் சுவர் எவ்வளவு விரைவில் கறுக்கிறது என்பதைக் கொண்டே அவ்வீட்டுப் பெண்கள் எத்தகைய காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளலாம்.

பிசுக்கைக் கரைப்பவை

தண்ணீர் மட்டும் எண்ணெயைக் கரையாது. காரம் கரைக்கும். கிராமத்தார் இதைப் பள்ளியில் படித்து அறியவேண்டுவதில்லை. சலவைத் தொழிலாளர் உவர்மண் நீரில் துணியைத் தோய்த்து வெள்ளாவி வைப்பதில் காரம், வெப்பம், நேரம் என்னும் மூன்றும் அடங்கியிருக்கின்றன. சுவரின் பிசுக்குக்கும் இம்மூன்றே வேண்டும். துணியை முறுக்கிப் பிழிவதுபோல் சுவரை முறுக்க இயலாதென்பதே வித்தியாசம்.

விறகுச் சாம்பலில் ஒருவகைக் காரம் இருக்கிறது. அடியில் துளையிட்ட பானையில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சலித்த சாம்பலை இட்டு, வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றினால் கீழே இளமஞ்சளாய் ஒழுகும் நீர் சாம்பற்காரம். கடையில் மலிவாய் விற்கும் சலவைச் சோடா இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆனால் வலிமை ஒரே அளவாயிருப்பதால் கையாள்வது எளிது. பழைய எண்ணெய் காறும்போது அதில் அமிலங்கள் உண்டாகின்றன. சோடா அவ்வமிலங்களோடு கூடியவுடன் அங்கேயே ஒருவகைச் சவுக்காரம் பிறக்கிறது. பிசுக்கின் ஒரு பாகம் தன்னைக் கழுவும் சவுக்காரமாகத் தானே மாறிவிடுகிறதென்பது வியக்கத்தக்கது. ஆப்பத்துக்கும் இட்டலிக்கும் இடும் சமையல் சோடா இதன் இளைய தம்பி. அதற்கு வலிமை குறைவு. வர்ணம் பூசிய இடங்களுக்கு அக்குறைவே நன்மையாகிறது.

சவுக்காரத்தின் வேலை வேறு விதமானது. அதன் நுண்ணிய அணுக்கூட்டத்தின் ஒரு முனை எண்ணெயைப் பற்றும். மறு முனை நீரைப் பற்றும். இவ்விதம் எண்ணெயைத் துளித்துளியாகச் சூழ்ந்து நீரோடு இழுத்துச் செல்கிறது. பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பும் இத்தொழிலையே செய்கிறது. சென்னை மாகாணத்தில் கூட்டுறவு இயக்கத்துக்கு வித்திட்ட சர் பிரெடெரிக் நிக்கல்ஸன், 1895லும் 1897லும் வெளியான தமது கடனுதவி அறிக்கைகளுக்காகவே பெரிதும் நினைக்கப்படுகிறார். பிற்காலத்தில் அவர் மீன்வள இலாகாவின் தலைமையில் இருந்து மேற்குக் கடற்கரையில் மத்தி மீனின் எண்ணெயைக்கொண்டு சவுக்காரம் செய்யும் பரீட்சைகளை நடத்தினார் என்பதும், அவற்றின் பயனாக 1914ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் அரசாங்கச் சவுக்காரச் சாலை ஏற்பட்டதென்பதும் பலருக்குத் தெரியாது. கடனும் சவுக்காரமும் ஒருவர் கையிலிருந்தே இம்மாகாணத்துக்கு வந்தன.

சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை ஆகியவையும் எண்ணெய் போக்குவனவே. ஆயினும் சீயக்காயும் அரப்பும் வெள்ளைச் சுவரில் தம் நிறத்தை விட்டுச் செல்லும். தலைக்கும் பாத்திரத்துக்கும் அவை ஏற்றவை. சுவருக்குப் பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டிய நீரே மேலானது.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்புச் சுவையுள்ள கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் சவுக்காரம் நுரைப்பதில்லை. தயிர்த் திப்பிபோல் வெண்மையாய்த் திரளும். அத்திப்பி சுவரில் ஒட்டிக் காய்ந்தால், ஒரு கறையைப் போக்கி மற்றொன்றை வைத்தது போலாகும். ஊருணி நீரோ மழைநீரோ கிடைக்குமானால் இவ்வேலைக்கு அதுவே சிறந்தது. கிடைக்காதவிடத்து முதலில் நீரில் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்து, பின்னர்ச் சவுக்காரத்தைச் சேர்த்தால் திப்பி குறையும்.

வேலை செய்யும் முறை

அடுப்பை முற்றிலும் அணைத்து, எரிவாயு உருளையின் வாயை மூடி, மின்விளக்குப் பொத்தான்கள் இருக்குமானால் மின்சாரத்தை நிறுத்தியபிறகே வேலையைத் தொடங்கவேண்டும். பாத்திரங்களையும் தானியங்களையும் வெளியேற்றி, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, ஒட்டடையையும் தளர்ந்த கரியையும் உலர்ந்த துடைப்பத்தால் முதலில் தட்டிவிடுதல் அவசியம். இதைச் செய்யாமல் ஈரத்தை வைத்தால் கரி குழம்பாகிச் சுவருக்குள் இறங்கிவிடும்.

ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் சிறிது சவுக்காரச் சீவலும் போதும். கை பொறுக்கும் சூட்டில் இந்நீரைத் துணியால் சுவரின் கீழ்ப்பாகத்திலிருந்து மேல்நோக்கித் தடவிக்கொண்டு போகவேண்டும். பலர் மேலிருந்தே தொடங்குகின்றனர். அப்படிச் செய்தால் அழுக்கு நீர் உலர்ந்த சுவரில் கோடுகோடாக வழிந்து ஊறி, பிறகு எளிதில் போகாத வரிகளை உண்டாக்குகிறது. கீழே முன்னமே நனைந்திருந்தால் வழியும் நீர் ஒட்டாது. பத்து அல்லது பதினைந்து நிமிஷம் சும்மா விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டுத் தேய்ப்பவர் காரம் செய்யவேண்டிய வேலையைத் தம் தோளால் செய்கின்றனர். பின்பு முற்றிய பீர்க்கங்கூட்டினால் மெதுவாகத் தேய்த்து, நல்ல நீரில் நனைத்த துணியால் இம்முறை மேலிருந்து கீழாகத் துடைத்தெடுக்கவேண்டும். நீரை இரண்டு மூன்று முறை மாற்றுதல் நலம். கெட்டிப்பட்ட இடங்களில் இதையே மறுபடியும் செய்வதன்றி, கத்தியால் சுரண்டுவதோ இரும்பு நாரினால் தேய்ப்பதோ கூடாது. கீறல் விழுந்த சுவரில் அடுத்த பிசுக்கு இன்னும் ஆழமாய்ப் பதியும்.

மேற்கூறியது சிமெண்டுப் பூச்சுக்கும் மெருகிட்ட ஓடுகளுக்கும் பொருந்தும். எல்லாச் சுவர்களையும் அவ்விதம் கழுவலாகாது.

மண் சுவர் நீரைத் தாங்காது. அதைக் கழுவ முயன்றால் பிசுக்குக்குமுன் சுவர் போய்விடும். பிசுக்கேறிய மண்ணைக் கால் அங்குல ஆழத்துக்குச் செதுக்கி எடுத்துவிட்டு, செம்மண்ணும் சாணமும் குழைத்துப் புதிதாய்ப் பூசி மெழுகுவதே அதற்கு முறை. கைச்செலவில்லாமல் முற்றிலும் புதிய சுவரைப் பெறும் இவ்வசதி மாடிவீட்டாருக்குக் கிடையாது. கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16க்குப்பின் தகரக் கூரையிட்டுக்கொண்ட அடுக்களைகளில், சோடா நீர் தகரத்தின் துத்தநாகப் பூச்சை அரிக்கும் என்பதை நினைவில் வைத்து, வெறும் சவுக்கார நீரையே உபயோகிக்க வேண்டும். அலுமினியத்துக்கும் அவ்வாறே.

வர்ணம் பூசிய சுவரில் முதலில் ஈர வெள்ளைத் துணியால் மூலையில் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஒட்டினால் அது டிஸ்டெம்பர். அதைக் கழுவுவதில் பயனில்லை. மீண்டும் பூசுவதே வழி. எனாமல் வர்ணம் எண்ணெயினாற் செய்யப்படுவது. பிசுக்கைக் கரைக்கும் காரம் அவ்வர்ணத்தின் எண்ணெயையும் கரைக்கத் தொடங்கும். ஆகையால் அதற்குச் சமையல் சோடாவும் சவுக்காரமுமே போதும்.

சுண்ணாம்புச் சுவர்

இந்த ஜில்லாவுக்கு மிகவும் வேண்டிய விஷயம் இது. செட்டிநாடு என்றவுடன் காரைக்குடிப் பக்கமே நினைவுக்கு வருமாயினும், அந்நாட்டின் ஊர்களில் ஒரு பகுதி திருமயம் தாலுகாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்து புதுக்கோட்டை ஜில்லாவிலேயே இருக்கிறது. இராயவரம், அரிமளம், இராமசந்திரபுரம் என்னும் கடியாபட்டி, நச்சாந்துபட்டி ஆகிய ஊர்களின் பெரிய வீடுகளில் முகப்பும் வளவும் முட்டைப் பூச்சினால் கண்ணாடிபோல் விளங்குகின்றன. கிளிஞ்சற் சுண்ணாம்பை நன்கு நீற்றி, கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் சேர்த்து ஊறவைத்து, பல படலங்களாகப் பூசி, கடைசிப் படலத்தில் மிக நுண்ணிய சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவைக் கலந்து, வழவழப்பான கல்லால் நாட்கணக்கில் தேய்த்து மெருகேற்றினார்கள். நூறு ஆண்டு கழிந்தும் ஈரத்துணியால் துடைத்தால் பளபளக்கும் சுவர் அவ்வாறு அமைந்ததே. 2014ஆம் ஆண்டில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன.

இவ்வீடுகளில் பலவற்றின் உடையவர்கள் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வசிக்கின்றனர். கலியாணம், அறுபதாம் கலியாணம், படைப்பு முதலிய விசேஷங்களுக்குக் குடும்பம் கூடும்போது பின்கட்டில் நூற்றுக்கணக்கானவர்க்குச் சமையல் நடக்கிறது. விசேஷம் முடிந்தபின் சுவரைச் சுத்தம் செய்ய அமர்த்தப்படும் ஆள், கழிப்பறைக்கு வாங்கிய திராவகத்தையோ, பித்தளைக்குத் தேய்க்கும் புளியையோ, எலுமிச்சைச் சாற்றையோ கையில் எடுக்கிறான். கறை உடனே வெளுப்பதுபோல் தோன்றும். வெளுத்தது கறையன்று. கறை படிந்த சுண்ணாம்பே கரைந்து போயிருக்கிறது. அமிலம் எதுவாயினும் சுண்ணாம்பை நுரை எழக் கரைக்கும். உதிர்ந்த பூச்சில் ஒரு சிட்டிகையைத் தட்டில் இட்டு எலுமிச்சைச் சாற்றில் ஒரு துளி விட்டால் இதை எவரும் கண்ணால் காணலாம். ஒருமுறை மெருகு அழிந்துவிட்டால் அச்சுவர் துணியால் துடைக்கத்தக்க சுவராயிராது. நுண்துளைகள் திறந்துகொள்ளும்; அடுத்த பிசுக்கு உள்ளே இறங்கும். பிறகு அதை மறைக்கச் சிமெண்டு பூசுவார்கள். சிமெண்டு கெட்டியானது, சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளிவரும் வழியை அடைத்துவிடும். சில ஆண்டுகளில் அப்பூச்சு பழைய காரையோடு சேர்ந்தே பெயரும். பித்தளைக் குடத்துக்கு ஏற்ற புளி சுவருக்குச் சத்துரு என்ற ஒன்றை மட்டும் வேலையாட்களுக்குச் சொல்லிவைத்தால் எத்தனையோ சுவர்கள் பிழைக்கும்.

சுண்ணாம்புப் பூச்சு காலத்தை வெல்லும் திறமுடையது. சித்தன்னவாசல் குகைக்கோயிலின் தாமரைக் குள ஓவியம் சுண்ணாம்புப் பூச்சின்மேல் எழுதப்பட்டது. சென்னை மியூசியத்தின் இரசாயன நிபுணர் எஸ். பரமசிவன் 1930களின் பிற்பகுதியில் அப்பூச்சையும் வர்ணங்களையும் ஆராய்ந்து எழுதினார். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அப்பூச்சின் எஞ்சிய பகுதி இன்றும் பாறையைப் பற்றி நிற்கிறது. (கோயிலிலும் குகையிலும் கறை கண்டால் நிபுணர் தவிர வேறெவரும் கைவைக்கலாகாது. இக்கட்டுரையில் கூறிய முறைகள் வீட்டுச் சுவருக்கே.)

ஆகவே சுண்ணாம்புச் சுவரை எப்படிச் சுத்தம் செய்வது? மெருகு அழியாத சுவரானால் வெதுவெதுப்பான பூந்திக்கொட்டை நீரில் மென்துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தாலே பெரும்பாலும் போதும். மெருகில்லாத சுவரில் எண்ணெய் உள்ளே ஊறியிருக்கும். அதை உள்ளிருந்து இழுத்து வெளிக்கொணர வேண்டும். இதற்குப் பற்றுப்போடுதல் என்னும் முறை உதவும். நாமக்கட்டியைத் தூளாக்கிச் சலித்து, மேற்சொன்னதில் பாதி வலிமையுள்ள சோடா நீரை விட்டுச் சந்தனம்போல் குழைத்து, கறையின்மேலும் அதைச் சுற்றி இரண்டு விரல் அகலமும் கால் அங்குல கனத்தில் அப்பவேண்டும். அதன்மேல் ஈரத்துணியை இரண்டு மணி நேரம் ஒட்டிவைத்து, பிறகு துணியை எடுத்துவிட்டுத் தானே உலரவிட வேண்டும். பற்று வெளிப்புறத்திலிருந்து உலர்ந்து வருகையில், இளகிய எண்ணெய் நீரோடு சுவரிலிருந்து மண்ணுக்கு ஏறுகிறது. வீக்கத்துக்குப் பற்றுப்போட்டு அறிந்தவர்க்கு இது புதிதாய்த் தோன்றாது. மறுநாள் பற்று வெடித்துத் தானே விலகும். அதை மென்மையாய்த் தட்டிவிட்டு, நல்ல நீரில் நனைத்த துணியால் இருமுறை ஒற்றியெடுக்க வேண்டும். சோடா சுவரில் தங்கினால் பின்னர் உவர் பூத்துக் காரையை அரிக்குமாகையால் இவ்விறுதிச் செயலை விட்டுவிடலாகாது. ஆழ்ந்த கறைக்கு இரண்டு மூன்று பற்றுத் தேவைப்படலாம்.

எச்சரிக்கைகள்

வெளிறுப் பொடியையும் கழிப்பறைத் திராவகத்தையும் ஒருபோதும் கலக்கக்கூடாது. கலந்தால் எழும் குளோரின் என்னும் விஷவாயு மூடிய அடுக்களையில் உயிருக்கே ஆபத்தாகும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் பிசுக்கைக் கரைக்கும் என்பது உண்மையே. அடுப்புள்ள அறையில் அவற்றுக்கு இடமில்லை. காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் வேகச் செய்யும். வீட்டுவேலைக்கு அது வேண்டாம். சலவைச் சோடாவும் நெடுநேரம் பட்டால் கையை வறட்டுமாகையால், கையுறை இல்லாதவர் வேலைக்குமுன் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. நீற்றாத சுண்ணாம்பில் நீர் விடும்போது அது கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளை அருகில் விடலாகாது. கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல் உடனே நல்ல நீரால் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

கழுவியபின் வெள்ளை

பிசுக்குப் போன சுவர் இரண்டு நாளாவது உலர்ந்தபின்பே வெள்ளையடிக்க வேண்டும். சுத்தமாயிற்றா என்றறிய ஒரு கை நீரைத் தெளித்துப் பார்க்கலாம். நீர் பரவி ஊறினால் சுவர் தயார். முத்துமுத்தாய் நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பை ஒரு நாளாவது ஊறவிட்டுத் துணியில் வடிகட்டி, சிறிது அரிசிக் கஞ்சி சேர்த்து, மெல்லிய படலமாக இருமுறை பூசுவது, கெட்டியாக ஒருமுறை பூசுவதினும் மேல். அடுப்புக்கு நேர் பின்புறத்தில் மட்டும், கழுவத்தக்க ஓடுகளை நான்கு சாண் உயரத்துக்குப் பதித்துவிட்டால் அவ்விடத்து வேலை அன்றன்று துடைப்பதோடு முடிந்துவிடும்.

பிசுக்கு குறையும் வழி

புகையும் ஆவியும் வெளியேற வழி இருக்குமானால் சுவர் மெதுவாகவே கறுக்கும். விறகடுப்புக்குப் புகைபோக்கி வைக்கும் முயற்சி நம் நாட்டில் பழமையானது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா காரியதரிசியாயிருந்து 1934 முதல் நடத்திய அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கம், வார்தாவில் புகையில்லா அடுப்பைப் பரப்ப முயன்றது. ஐதராபாத் எஞ்சினீயரான டாக்டர் எஸ். பி. ராஜு 1953இல் புகையற்ற அடுக்களைகளைப்பற்றித் தனி நூலே வெளியிட்டார். 1980களில் இந்திய அரசாங்கமும் சீர்திருத்திய அடுப்புகளைத் தேசமெங்கும் பரப்பியது. இவ்வடுப்புகளில் பல, புகைக்குழாயைச் சுத்தம் செய்வாரின்றி அடைபட்டு, இடித்தெறியப்பட்டன. அடைபட்ட குழாய் குழாயில்லாமையினும் கேடு. மாதம் ஒருமுறை நீண்ட மூங்கிலில் துணி சுற்றி அதைத் துடைப்பது ஆண்மக்கள் செய்யவேண்டிய வேலை. ஏணி ஏறுவதும் அவ்வேலையில் அடங்கும்.

தமிழ்நாட்டு அரசாங்கம் இலவச எரிவாயு அடுப்பு வழங்கிய பின்னரும், 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் பின்னரும் கரி வெகுவாகக் குறைந்தது. எண்ணெய்ப் பிசுக்கு குறையவில்லை. கரியில்லாத பிசுக்கு நிறமற்றிருப்பதால் கண்ணுக்குத் தப்பி நெடுநாள் சேர்ந்துவிடுகிறது. உருளை தீர்ந்தவுடன் விறகுக்குத் திரும்பும் வீடுகளில் அப்பசைமேல் புகை படியுமாகையால் சுவர் முன்னிலும் சீக்கிரமாகக் கறுக்கிறது. தாளிக்கும்போது மூடியைக் கைவசம் வைத்து உடனே மூடுதல், எண்ணெய் புகையும் மட்டும் காயவிடாதிருத்தல், அடுப்புக்கு நேர்மேலே ஒரு சாளரமோ வெளியிழுக்கும் விசிறியோ அமைத்தல் ஆகிய மூன்றும் செலவு குறைந்தவை. விசிறியின் இதழ்களும் பிசுக்கேறுமாகையால் அவற்றை மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கழற்றிச் சோடா நீரில் ஊறப்போட வேண்டும். இதழ் அலுமினியமானால் சவுக்கார நீரில்.

கழுவிய அழுக்கு நீரை எங்கே விடுவது என்ற கேள்வி எஞ்சுகிறது. சோடா மிகுந்த நீர் மண்ணை இறுகச் செய்யும். கொல்லையின் வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் அது ஆகாது. ஊருணிக்குச் செல்லும் வாய்க்காலில் விடுவது ஊரார் குடிநீரைக் கெடுப்பதாகும். மரஞ்செடியில்லாத மூலையில் இரண்டடி ஆழக் குழி தோண்டி, உடைந்த செங்கல்லும் மணலும் நிரப்பி, அதில் ஊற்றுவதே தக்கது. திப்பியாய்த் திரண்ட பிசுக்கைக் குழியின் வாயில் கிழிசல் சாக்கு விரித்து வடிகட்டி எடுத்துத் தனியே புதைத்துவிட வேண்டும். இல்லையேல் இரண்டே முறையில் குழி அடைத்துக்கொள்ளும்.